குழவிப் பாட்டும் சொற்பயிற்சியும்

பெரியாழ்வார் திருமொழியின் பிள்ளைப்பருவப் பாசுரங்களைப் பிள்ளைத்தமிழின் தோற்றுவாய் என்று கூறி அமைவது ஆராய்ச்சியாளர் மரபு. இக்கூற்றிற் பிழையில்லை, ஆயின் குறையுண்டு. பிள்ளைத்தமிழ் எவற்றைக் கொண்டது என்று ஆராய்ந்த அளவிற்கு, எவற்றை விட்டது என்பதை ஆராய்ந்தோமில்லை.

தால், செங்கீரை, சப்பாணி, அம்புலி ஆகியன பிற்காலப் பிள்ளைத்தமிழிற் பருவங்களாய் நிலைபெற்றன. முலையுண்ண அழைத்தல், குழல்வாரக் காக்கையை விளித்தல், பூச்சூட்ட அழைத்தல் என்பன இடம்பெற்றில. விடப்பட்ட இவை தாய் நாள்தோறும் செய்யும் பணிகள் என்பது நோக்கத்தக்கது. மொழி குழவிக்கு வந்து சேரும் வாயிலும் அப்பணிகளே.

பூச்சூட்டற் பாசுரங்களைக் காண்போம். சூட்ட வருமாறு அழைக்கும் அமைப்பு மாறாது நிற்க, செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை எனப் பூவின் பெயர் மாறிவருகிறது. நிலைத்த தொடருள் ஒரு சொல் மட்டும் மாறுங்கால், அச்சொல் செவியில் தனித்து ஒலிக்கும். ஒழுங்காக மீண்டும் மீண்டும் நிகழும் விளையாட்டும் பணியுமே குழவிக்கு மொழியைப் புகட்டும் சட்டங்களாகின்றன என்று ஜெரோம் புரூனர் 1983இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அக்கருத்துக்கு இப்பாசுரங்கள் நல்ல இலக்கியச் சான்றாகும்.

இவை பத்திப் பாடல்கள்; தொட்டிற் குழவிக்கென்று யாத்தவை அல்ல என்று மறுக்கலாம். அது மெய்யே. எனவே இவற்றைக்கொண்டு குழவியின் மொழிவளர்ச்சியை அளத்தல் இயலாது. ஆயினும் யசோதையின் கூற்றாக ஆழ்வார் பாடுங்கால், நீராட்டலும் குழல்வாரலும் பாட்டோடு இயைந்த செயல்களாகக் கருதப்பட்டமை புலனாகிறது.

வீட்டுப் பாடல்களில் இவ்வியைபு இன்னும் தெளிவு. கைவீசல், சாய்ந்தாடல், நிலவை அழைத்தல் ஆகியவற்றிற்குரிய பாட்டுகள் ஏவல் வினைகளால் நடப்பன. ஏவல் வினை பகுதியளவாய் நிற்கும் என்பது நன்னூலார் கருத்து. விகுதியும் இடைநிலையும் ஏலாத வினையின் வேரைக் குழவி தன் உடலசைவோடு சேர்த்துக் கேட்கிறது. சொல்லும் செயலும் ஒருங்கே நிகழ்தலின் பொருள் தானே விளங்கும்.

இந்நிலையில் நாட்டுப்பாடல் தொகுப்புகள் பலவற்றின் முறை வருந்தத்தக்கது. தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு எனத் தலைப்பிட்டுச் சொற்களை மட்டும் அச்சிடுகின்றனர். எப்பணியின்போது பாடப்பட்டது, எச்சொல்லில் கை அசைந்தது, குழவியின் அகவை யாது என்பன பதிவாவதில்லை. செயல் நீங்கிய பாட்டு, பண் நீங்கிய கீர்த்தனம் போல்வது. நீட்டிய கால்களிற் கிடத்திக் குழவியை நீராட்டும் முதுமகளிர் அருகிவருகின்றனர். அவர் பாட்டுகளும் உடன் மறையும்.

ஆதலின் இனித் தொகுப்போர் பாட்டோடு பணியையும் அசைவையும் அகவையையும் குறித்தல் வேண்டும். இலக்கிய வரலாறு விட்ட இடத்தை அக்குறிப்புகளே நிரப்பும்.