'காஸ்லைட்': ஐயுறும் கண்கள்

கொலைஞன் யாவன் என்னும் வினாவே மர்மப் படங்களை நடத்திச் செல்வது வழக்கம். ஜோர்ஜ் கியூக்கர் 1944இல் நெறிப்படுத்திய 'காஸ்லைட்' அவ்வினாவைப் பேணிக் காக்க முயலவில்லை. கணவன் கிரெகரியே தீயவன் என்பதைப் பார்ப்போர் விரைவிலேயே உய்த்துணர்வர்; உணராது தவிப்பவள் மனைவி போலா. படத்தின் அச்சமெல்லாம் இவ்விடைவெளியிற் பிறப்பதே.

பற்றிக் ஹமில்டனின் 1938ஆம் ஆண்டு நாடகமே இதன் மூலம். வாயு விளக்கெரிந்த பழைய இலண்டனிலே, போலாவை வளர்த்த பாடகி கொலையுண்ட வீட்டிற்கே அவளைக் கிரெகரி குடியேற்றுகின்றான். இரவுதோறும் வெளியே செல்வான் போன்று சென்று, மேன்மாடத்துட் களவாகப் புகுந்து, இறந்தவளின் மணிகளைத் தேடுகின்றான். அங்கே அவன் விளக்கேற்றக் கீழே போலாவின் அறையில் ஒளி மங்குகின்றது. தலைக்குமேல் காலடியோசை கேட்கின்றது. எல்லாம் உன் மனப்பிரமை என்கின்றான் கணவன். 'காஸ்லைட்' என்னும் பெயரே இன்று ஆங்கிலத்தில் இத்தகைய வஞ்சகத்தைக் குறிக்கும் வினைச்சொல்லாயிற்று. எளிய பொய்க்கெல்லாம் அச்சொல்லை வழங்குவோர் படத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தல் நன்று. கிரெகரி பொய்யுரைப்பதோடு அமைபவனல்லன். போலாவின் கண்ணையும் செவியையுமே அவளுக்கெதிரான சாட்சிகளாக்குகின்றான்.

மெலிந்து நலிந்த தோற்றமுடைய ஒருத்தி இப்பாத்திரத்தை ஏற்றிருப்பின் அவள் சிதைவு எதிர்பார்த்ததொன்றாகிவிடும். இங்கிறிட் பேர்க்மனோ உயரமும் உடல்வலிவும் வாய்ந்தவர். அத்தகையவர் படிப்படியாகக் குன்றுவதே நெஞ்சை உறுத்துகின்றது. இசைவிருந்துக் காட்சியை நோக்குக. காணாமற்போன கடிகாரம் அவள் கைப்பையிலிருந்து எடுக்கப்படுகின்றது. அவையோர் நடுவே அடக்க முயன்று, முடியாது வெடிக்கும் அவ்வழுகையில், அவமானத்தினும் தன்னைப்பற்றிய அச்சமே மேலோங்கி நிற்கின்றது. அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது முற்றும் தகும். திமிர் மிக்க வேலைக்காரியாகத் தம் முதற்படத்திலேயே தோன்றும் அஞ்சலா லான்ஸ்பரியும் மறக்கற்பாலரல்லர்.

துப்பறிவோனாகிய கமரன் பாத்திரம் வலுவற்றது. எனினும் விளக்கு மங்குவதை அவனும் கண்டான் என்று அறிந்தவுடன் போலாவின் முகத்திற் படரும் தெளிவு அக்குறையை மறக்கச் செய்கின்றது. முடிவிலே நாற்காலியிற் கட்டுண்ட கிரெகரி, கத்தியெடுத்துக் கட்டறுக்குமாறு அவளை வேண்டுகின்றான். கையிற் கத்தியை வைத்துக்கொண்டே, பித்துப்பிடித்த தன்னால் உதவ இயலுமோ என்கின்றாள். அவன் கற்பித்த பித்தையே அவனுக்கு எதிரே நடித்துக் காட்டும் அவ்விடத்திற் பேர்க்மனின் குரல் முதன்முறையாக நடுங்காது உயர்கின்றது.