பன்னிரண்டு ஊர்களும் பதினேழு லட்சம் மின்னஞ்சல்களும்: 'கருத்துக் கேட்பு' என்னும் சொல்லாடல் குறித்து

'கருத்து' என்கிற சொல்லுக்கு இப்போது ஒரு புதிய வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது. அரசு ஒரு வரைவை இணையத்தில் போடுகிறது. கீழே ஒரு பெட்டி அல்லது ஒரு மின்னஞ்சல் முகவரி. 'உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்.' கூடவே ஒரு கடைசித் தேதி. எழுதியவர் குடிமகன் ஆகிறார். எழுதாதவர் ஆட்சேபம் இல்லாதவர் ஆகிறார். இந்த ஏற்பாட்டைத்தான் 'பங்கேற்பு ஜனநாயகம்' என்று நம் மத்தியதர வர்க்க அறிவாளிகள் கொண்டாடுகிறார்கள். 2014 ஜூலை 26 அன்று நடுவண் அரசு தொடங்கிய 'மைகவ்' தளம் இதற்கான இந்திய முன்மாதிரி. தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்கிற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. கருத்துக் கேட்டபிறகு பதில் சொல்லும் கடமை யாருக்கு இருக்கிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த ஏற்பாட்டை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

மைகவ் மக்களிடம் என்னென்ன கேட்டிருக்கிறது என்று பாருங்கள். இலச்சினை வரைந்து தாருங்கள் (தூய்மை இந்தியா திட்டத்தின் காந்தி கண்ணாடி அப்படி வந்ததுதான்). முழக்கம் எழுதுங்கள். வினாடி வினாவில் கலந்துகொள்ளுங்கள். பிரதமரின் வானொலி உரைக்கு யோசனை சொல்லுங்கள். உறுதிமொழி எடுங்கள், எடுத்து முடித்ததும் சான்றிதழைத் தரவிறக்கிக்கொள்ளலாம். தெருவில் போலீஸ்காரர் 'ஏய், உன்னைத்தான்' என்று விளிக்கும்போது திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்பலிலேயே தன்னிலையாகக் கட்டமைக்கப்படுகிறான் என்றார் அல்தூசர். இங்கே விளிக்கும் குரல் ரொம்ப மரியாதையானது. திரும்பிப் பார்க்கிறவர் போட்டியாளராகக் கட்டமைக்கப்படுகிறார். பரிசு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். போட்டியாளர் நடுவரைக் கேள்வி கேட்க முடியாது.

இதற்கு முன்னால் நம்மிடம் இருந்த வகைமை மனு. எம்.ஏ. தமிழில் தொண்ணூற்றாறு வகைப் பிரபந்தங்களையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மனு அந்தப் பட்டியலில் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில், புதுச்சேரியில் எழுத்தறிவில்லாத சனங்களும் அறிந்து வைத்திருக்கிற உரைநடை வகைமை அது ஒன்றுதான். பெறுநர், பொருள், ஐயா, கீழே கையொப்பமிட்ட நாங்கள். அதன் மொழி அடிமை மொழி. காலனியமும் நிலவுடைமையும் கலந்து செய்த மொழி. அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். ஆனால் அந்த அடிமை மொழிக்குள் ஒரு கண்ணி இருக்கிறது. மனுவுக்குப் பெறுநர் உண்டு. வாங்கியதற்கு முத்திரை, எண், தேதி உண்டு. ஆறு மாதம் கழித்து அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போய் அலுவலகத்தில் நின்று சத்தம் போடலாம். 2005-க்குப் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் அதைத் துரத்தலாம். நோணாங்குப்பத்தில் மீன் விற்கிற ஒரு அம்மாவிடம் கடற்கரைச் சட்ட வரைவுக்கு இணையத்தில் கருத்துக் கேட்கிறார்கள் என்று சொன்னேன். "கருத்துன்னா இன்னா தம்பி, மனுவா? யார் கையில குடுக்கணும்? சீல் போட்டுத் தருவாங்களா?" என்று கேட்டார். பெறுநர் யார், சாட்சி எது என்கிற இரண்டு கேள்விகளும் அதில் இருந்தன. கோட்பாட்டாளர்கள் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதுகிற சங்கதி.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு 2020-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு (இ.ஐ.ஏ.) வரைவுக்கு வருவோம். ஊரடங்கு காலம். ஏப்ரல் 11 அன்று அரசிதழில் வெளியிட்டு, அறுபது நாளில் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். எந்தத் தொழிற்சாலை, எந்தத் துறைமுகம், எந்த நெடுஞ்சாலை மக்களைக் கேட்டுவிட்டு வர வேண்டும், எது கேட்காமலே வரலாம் என்பதைத் தீர்மானிக்கிற ஆவணம் அது. இருந்தது இந்தியிலும் ஆங்கிலத்திலும். ஜூன் 30-இல் தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, காலக்கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. அட்டவணை மொழிகளில் பத்து நாளுக்குள் மொழிபெயர்க்க வேண்டும் என்றும் சொன்னது. அரசு மொழிபெயர்க்கவில்லை. ஆட்சிமொழிச் சட்டப்படி இந்தியும் ஆங்கிலமும் போதும் என்று உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. ஒரு நூற்றாண்டாக மொழியை அரசியலாகப் பேசிவந்த நம் சூழலில், இந்த வாதத்தின் முழு அர்த்தம் போதுமான அளவு பேசப்படவில்லை. கருத்துக் கேட்கப்படும், ஆனால் உனக்குப் புரியும்படி கேட்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை என்பதுதான் அது.

வரைவின் உள்ளடக்கம் இன்னும் விசித்திரம். திட்டம் விதியை மீறினால் அதைக் கவனத்துக்குக் கொண்டுவரும் தகுதி திட்ட உரிமையாளருக்கும் அரசு அமைப்புகளுக்கும் மதிப்பீட்டுக் குழுவுக்கும் மட்டுமே என்றது. பக்கத்தில் குடியிருக்கிறவனுக்கு அந்தத் தகுதி கிடையாது. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்பு தரவேண்டிய முப்பது நாள் அவகாசத்தை இருபதாகக் குறைத்தது. ஆக, குடிமக்களின் வாயை அடைக்கப் போகிறோம், இதுபற்றி உங்கள் மேலான கருத்து என்ன என்று குடிமக்களிடமே கேட்டார்கள்! முரண்நகை என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. பேச்சைக் கேட்கிற சடங்கும் பேசும் உரிமையைப் பறிக்கிற வேலையும் ஒரே ஆவணத்துக்குள் சிரமமில்லாமல் குடியிருக்க முடிகிறது என்றால், 'கேட்பது' அங்கே என்ன செய்கிறது என்று யோசிக்க வேண்டும். அது வரைவுக்கு ஒப்புதல் முத்திரை தயாரிக்கிறது.

சனங்களும் இளைஞர்களும் அந்த முத்திரையைத் தர மறுத்தார்கள். பதினேழு லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போயின. தமிழ்நாட்டில் நடிகர்கள் முதல் கட்சித் தலைவர்கள் வரை பேசினார்கள். அப்புறம் நடந்ததுதான் முக்கியமான பகுதி. அமைச்சரின் அஞ்சல்பெட்டியில் ஒரே மாதிரி மின்னஞ்சல்கள் ஏராளமாக வந்து விழுகின்றன என்ற புகாரின்பேரில், பருவநிலை இளைஞர் இயக்கம் ஒன்றின் தளத்துக்குத் தில்லிக் காவல்துறை ஜூலை மாதம் நோட்டீஸ் அனுப்பியது. அதில் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் பிரிவு இருந்தது. பிறகு தவறுதலாக அனுப்பிவிட்டோம் என்று திரும்பப் பெற்றார்கள். அந்தத் தளத்தோடு இன்னும் இரண்டு தளங்களும் கொஞ்ச காலம் முடங்கிக் கிடந்தன. 'கருத்துச் சொல்லுங்கள்' என்று விளித்த குரலும் 'ஏன் சொன்னாய்' என்று விளித்த குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை. அல்தூசரின் போலீஸ்காரர் உருவகத்திலிருந்து இறங்கி நிஜமாகவே வந்துவிட்டார்.

அந்த வரைவு அப்படியே சட்டமாகவில்லை, உண்மைதான். வெற்றி என்று கொண்டாடினோம். ஆனால் அனுமதி வாங்காமல் கட்டிவிட்டுப் பிறகு அனுமதி வாங்கிக்கொள்ளும் வழி, அந்த வரைவில் பெரிய எதிர்ப்புக்கு உள்ளான அம்சம், 2021 ஜூலை 7 அன்று ஒரு அலுவலகக் குறிப்பாணையாக வந்தது. குறிப்பாணைக்கு யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டியதில்லை. 2025 மே 16-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பர் 18-இல் இரண்டுக்கு ஒன்று என்கிற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. பதினேழு லட்சம் மின்னஞ்சல்கள் இந்த ஆட்டத்தில் எந்த இடத்திலும் இல்லை.

இதனோடு நியாம்கிரியை வைத்துப் பார்க்க வேண்டும். ஒடிசாவில் வேதாந்தா நிறுவனத்துக்காக பாக்சைட் வெட்டுவது பற்றி கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மலையைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள். மாநில அரசு பன்னிரண்டை மட்டும் பொறுக்கி எடுத்தது. அந்தப் பொறுக்கலில் உள்நோக்கம் இருந்தது என்று அப்போதே சொன்னார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நீதிபதி ஒருவர் உட்கார்ந்து பார்க்க, டோங்ரியா கோந்த் மக்கள் தங்கள் பேச்சுமொழியில், தங்கள் ஊரில், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு பேசினார்கள். பன்னிரண்டு ஊரும் வேண்டாம் என்றது. 2014 ஜனவரியில் திட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பன்னிரண்டு ஊர் சொன்னதற்கு இருந்த எடை பதினேழு லட்சத்துக்கு ஏன் இல்லை? கிராம சபை சொன்னதை மதித்தாக வேண்டும் என்று வன உரிமைச் சட்டமும் ஒரு தீர்ப்பும் கட்டிப்போட்டிருந்தன. தவிர, அங்கே பேசியது ஒரு கூட்டுத்தன்னிலை. மின்னஞ்சலில் பேசுவது தனித்தனியாகக் கழற்றி எடுக்கப்பட்ட ஆட்கள். கழற்றப்பட்டவர்களை எண்ணலாம், வகைபிரிக்கலாம், 'ஒரே மாதிரியானவை' என்று ஒதுக்கலாம்.

பார்த்தா சட்டர்ஜி குடிமைச் சமூகம், அரசியல் சமூகம் என்று பிரித்துக் காட்டியது இங்கே உதவும். புறம்போக்கில் வீடு கட்டியிருக்கிறவர்கள், மறியல் செய்து தண்ணீர் வாங்குகிறவர்கள், மனுவோடு அலைகிறவர்கள், இவர்களெல்லாம் பின்னதைச் சேர்ந்தவர்கள். இணையப் பெட்டி முதல் வகையினரின் பேச்சை மட்டுமே பேச்சாக அங்கீகரிக்கிறது. மறியலைத் தட்டச்சு செய்ய முடியாது.

நோணாங்குப்பத்துக்கு வருகிறேன். சுண்ணாம்பாறு கடலில் கலக்கிற இடம் இது. வெளியூர்க்காரர்களுக்குப் படகுத்துறையும் 'பாரடைஸ் பீச்'சும்தான் தெரியும். அலையேற்றம் பாய்கிற இப்படிப்பட்ட ஆறுகளின் கரையில் 2011 அறிவிக்கையின்படி நூறு மீட்டர் வரை, அல்லது ஓடையின் அகலம் அதைவிடக் குறைவானால் அந்த அளவுக்கு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் உண்டு. 2018 ஏப்ரலில் ஒரு வரைவு இணையத்தில் வந்தது, அறுபது நாள் அவகாசம், மின்னஞ்சலில் கருத்து. 2019 ஜனவரி 18-இல் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த நூறு ஐம்பதாகியிருந்தது. கரையில் வலை காயப்போடுகிறவனுக்கும் விடுதி கட்டப்போகிறவனுக்கும் இடையே ஐம்பது மீட்டர் கைமாறிவிட்டது. இங்கே எவனுக்கும் அதில் 'கருத்து' இருந்ததாக எந்தப் பதிவிலும் இராது. இருந்திருக்க வேண்டிய சபை எங்கே? புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் கழித்து, 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் அவர்கள் காலம் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாக நகராட்சியும் கொம்யூன் பஞ்சாயத்தும் அதிகாரிகள் கையில். 2018-இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் நடத்தச் சொன்னது. 2021-இல் அறிவித்தார்கள், வழக்கில் நின்றுபோனது.

இந்த இடைவெளியில்தான், 2017 ஜூனில், புதுச்சேரி 'ஸ்மார்ட் சிட்டி'யாகத் தேர்வானது. அந்தப் போட்டியில் மக்களிடம் கலந்தாலோசித்ததற்கு மதிப்பெண் உண்டு. மைகவ் தளமும் அதற்கான வழிகளில் ஒன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு நகரசபை உறுப்பினர்கூட இல்லாத ஊர், குடிமக்கள் பங்கேற்புக்கு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தது. வாக்கு இருந்த இடத்தில் கருத்து வந்து உட்கார்ந்துகொண்டது என்று நான் சொல்வது உருவகம் இல்லை.

எண்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே நாடு ஒரே தேர்தல் குறித்து ராம்நாத் கோவிந்த் குழு 2024 ஜனவரியில் பத்து நாள் அவகாசம் கொடுத்து யோசனை கேட்டது. வந்தவை 21,558, எண்பது சதவீதம் ஆதரவு என்றது மார்ச் 14 அறிக்கை. வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 97 கோடி. எண்பது சதவீதம் என்பதை மட்டும் தலைப்புச் செய்தி சுமந்துகொண்டு போகும், 21,558 அடிக்குறிப்பாகத் தேங்கிவிடும். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த இலக்கணம் பழக்கமானது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் இணைப்பு பற்றி வாக்களித்தவர்கள் 178 பேர், எல்லாரும் மக்கள் பிரதிநிதிகள். 170 ஆதரவு, 8 எதிர்ப்பு. 1949 ஜூனில் சந்திரநாகூரில் சாதாரண வாக்காளர்களே வாக்களித்தார்கள். கீழூரிலும் அப்படிச் செய்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் 178 பேரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்றாவது நமக்குத் தெரியும். 21,558 பேரைப் பற்றி அதுவும் தெரியாது.

'அப்படியானால் இணையமே வேண்டாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. 2015-இல் இணையச் சமநிலை விவகாரத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல் போனது. 2016 பிப்ரவரி 8-இல் ஃபேஸ்புக்கின் இலவச இணையத் திட்டம் வீழ்ந்தது. ஆனால் அங்கே பாதிக்கப்பட்டவர்களும் எழுதியவர்களும் ஒரே ஆட்கள். பிரச்சினை நடந்த இடமே இணையம்தான். தைவானில் ஊபர் குறித்து 2015-இல் 'போலிஸ்' என்றொரு கருவியைப் பயன்படுத்தினார்கள் (நம் ஊர் போலீஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் எழுத முடியாது, ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது புதிதாக ஒன்றைச் சொல்லலாம். சண்டை குறைந்து எங்கெங்கே உடன்பாடு என்று தெரிந்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடு. அங்கேயும் அரசைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் கிடையாது. ஐஸ்லாந்து அரசியலமைப்பையே இணையத்தில் மக்களோடு பேசி எழுதியது. 2012 அக்டோபர் 20-இல் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றார்கள். நாடாளுமன்றம் அதைக் கிடப்பில் போட்டது. கருவி எவ்வளவு நல்லதானாலும் கடைசியில் வந்து முட்டுகிற சுவர் ஒன்றுதான்.

நம்மிடம் 2014 பிப்ரவரி முதல் ஒரு கொள்கை இருக்கிறது: சட்ட வரைவுகளைக் குறைந்தது முப்பது நாள் பொதுவில் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். கொள்கைதான், சட்டம் இல்லை. மீறினால் ஒன்றும் ஆகாது. தென்னாப்பிரிக்காவில் மக்களைச் சரியாகக் கேட்காமல் இயற்றிய சுகாதாரச் சட்டங்கள் செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2006-இல் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்த வரைவு வரும்போது, 'இதை நகலெடுத்து இந்த முகவரிக்கு அனுப்புங்கள்' என்று மாதிரிக் கடிதம் தோழர்களிடமிருந்து வரும். அனுப்பலாம், நஷ்டமில்லை. ஆனால் அதே வாரத்தில் ஊர்க்கூட்டம் கூட்டி, வரைவைத் தமிழில் வாசித்துக் காட்டி, சனங்கள் பேசியதைப் பேசியபடி எழுதி, கீழே கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, ஒரு ஆளின் கையில் கொடுத்து, சீல் வாங்கிவர யார் தயார்? கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் அரியாங்குப்பத்தில் இருக்கிறது, இங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம்.