ஸ்ரீகோசமும் விலைக்குறிப்பும்

பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்தருளிய திருத்தண்காலை இன்று ஊரார் திருத்தங்கல் என்பர். நின்ற நாராயணப் பெருமாள் ஸேவை ஸாதிக்கும் இத்திவ்யதேசம் சிவகாசிக்கு அணித்தே உள்ளது. அச்சும் பட்டாசும் தொழிலான பகுதி இது. வெடித்துச் சிதறிய பட்டாசுச் சுருளில் பழைய அச்செழுத்தைக் கண்டவர் பலர். ஆகவே, ஒரு பழைய க்ரந்தம் எடைக்குப் போகாமல் இணையவழி விற்பனைக்கு வருவதையே ஒரு ரக்ஷணமாகக் கொள்ளலாம். ஆயினும் அது விற்கப்படும் முறை ஆராயத்தக்கது.

முதற்குறை பெயரில் உள்ளது. திருத்தண்கால் என்று தேடுவார்க்குத் திருத்தங்கல் என்று பதிந்த தலபுராணம் அகப்படாது. ஈடு என்று தேடுவார்க்குப் பகவத் விஷயம் என்ற முகப்போடு அச்சான ஸம்புடங்கள் தோன்றா. முற்காலத்தில் வ்யாக்யானங்கள் பல தெலுங்கு லிபியில் அச்சாயின. லிபியை மட்டும் கண்டு விற்பவர் அவற்றைத் தெலுங்கு நூலென்று வகைப்படுத்தினால், மணிப்ரவாளம் வாசிக்க வல்லவர் கண்ணுக்கு அவை மறைந்தே போகும்.

இரண்டாவது குறை, விற்பனைக் குறிப்பு நூலை வர்ணிக்கும் விதம். அட்டை, முகப்பு, ஆண்டு, ‘மிக அரியது’ என்ற சொல் ஆகியவை இருக்கும். நமக்கு வேண்டுவன வேறு. ஈடு முழுமையா, சில பத்துகள் மட்டுமா? அடையவளைந்தான் அரும்பதமோ ஜீயர் அரும்பதமோ உடன் உண்டா? ப்ரமாணத்திரட்டு சேர்ந்துள்ளதா? எந்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தனர்? இவற்றுக்கு விடை முகவுரையிலும் இறுதிப் பக்கங்களிலும் இருக்கும். அப்பக்கங்களின் படத்தைக் கேட்டுப் பெறாமல் பணம் செலுத்துதல் தகாது. பழைய பதிப்பைப் படம்பிடித்து, கேட்பவர்க்கு அவ்வப்போது அச்சிட்டுத் தரும் புதுப்படியும் பழைய ஆண்டைத் தாங்கியே விற்பனைக்கு வருகிறது. வாசிப்பதற்கு அது போதும். ஆனால் பழம்படிக்குரிய விலை அதற்கு ஆகாது. மூலத்தில் விடுபட்ட பக்கம் அதிலும் விடுபட்டே இருக்கும்.

‘அர்த்தம் ஆசார்யனிடம் கேட்டுப் பெறுவது, புத்தகத்துக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு?’ என்று சிலர் கேட்கக்கூடும். நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைப் பட்டோலை செய்யத் தந்தருள, நம்பிள்ளை அதனைத் தலையில் தாங்கிக் காவேரியைக் கடக்கையில் வெள்ளம் அதைக் கொண்டுபோயிற்று. கேட்ட அர்த்தம் திருவுள்ளத்தில் நிலைத்திருந்தமையால் அவர் மீண்டும் எழுதி முடித்தார். கோசம் போயும் பொருள் போகவில்லை.

ஆனால் மறுபுறமும் உண்டு. திருத்தங்கலுக்கு அண்மையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த பெரியாழ்வாரின் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி கிடைக்காமற் போயிற்று. மணவாள மாமுனிகள் அப்பகுதிக்கு வ்யாக்யானம் அருளி நிறைவு செய்தார். நமக்கு அது பெரும்பேறே. எனினும் பிள்ளையின் ஸ்ரீஸூக்தி போனது போனதே. அவ்வளவு கேட்டு, அவ்வளவு தரித்தவர் அருகிவரும் நம் காலத்தில் அச்சான படியைக் காப்பது அலட்சியப்படுத்தத் தக்கதன்று.

ஆகவே வாங்குவோர் மூன்றைக் கருதுக. ஓலைச்சுவடி விற்பனைக்கு வந்தால் விலகி நிற்க: 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, 75 ஆண்டுகளுக்குக் குறையாத, இலக்கிய அல்லது வரலாற்று மதிப்புடைய சுவடி தொல்பொருளாகும், உரிமமின்றி அதை வாணிகம் செய்தலும், தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புதலும் கூடா. தொகுதியைப் பிரித்து விற்பாரிடம் முழுத் தொகுதியையும் கேட்க; ஒற்றை ஸம்புடம் பிரிந்தால் எஞ்சியவை பயனிழக்கும். மூன்றாவதாக, வாங்கியதை அலமாரியில் பூட்டி வைக்கற்க. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் தேடித் திரட்டிய நூல்கள் 1994 முதல் அவர் பெயரால் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் யாவர்க்கும் பயன்படுகின்றன.

ஒருவர் வீட்டில் உறங்கும் அரிய பதிப்பும் எடைக்குப் போன பதிப்பும் காலக்ஷேபம் செய்வார்க்கு ஒன்றே. ‘அரியது’ என்பது விற்பவர் கண்ட விலை. பாடபேதத்தை நோக்கவும் அரும்பதம் தெளியவும் உதவுவதே ஸ்ரீகோசத்தின் மதிப்பு.