எட்டில் ஒரு பங்கு மாத்திரை

சிறுசேரியில் வசிக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். இதயக் கோளாறுக்காகச் சென்னை மருத்துவமனை ஒன்றில் இருந்த அவரது 5 கிலோ எடையுள்ள குழந்தை வீடு திரும்பியிருக்கிறது. உடலில் தேங்கும் நீரை வெளியேற்ற, ஃபுரோசமைடு என்ற மருந்து வேளைக்கு 5 மி.கி. தரவேண்டும். மருத்துவமனையில் அதை நீர்மமாகக் கலந்து புட்டியில் கொடுத்தார்கள். புட்டி தீர்ந்ததும் பழைய மகாபலிபுரம் சாலைக் கடைகளில் ஏறி இறங்குகிறார். கிடைப்பது பெரியவர்களுக்கான 40 மி.கி. மாத்திரை. "உடைத்துக் கொடுங்கள்" என்ற அறிவுரை மட்டும் இலவசம்.

கணக்கைப் பாருங்கள். குழந்தைக்கு வேண்டியது எட்டில் ஒரு பங்கு. மாத்திரையை இரண்டாக வெட்டினாலே பாதிகள் சமமாக அமைவதில்லை. எட்டாக வெட்டினால் துகள்தான் மிஞ்சும். "பொடித்து 10 மி.லி. நீரில் கலந்து, 1.25 மி.லி. எடுக்கலாமே?" என்பீர்கள். ஆனால் ஃபுரோசமைடு நீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. மேலாக எடுத்தால் மருந்து குறையும். அடியில் எடுத்தால் மிகும். குறைந்தால் மூச்சுத் திணறும். மிகுந்தால் உடலின் நீரும் உப்புகளும் வரம்பு மீறி வெளியேறும். இதற்காகவே மருந்தாளுநர், பொடியைச் சீராக மிதக்கவைக்கும் மெத்தில் செல்லுலோஸ் போன்ற பொருளைச் சேர்க்கிறார். எத்தனை நாள் கெடாது என்றும் குறிக்கிறார். அடுப்பங்கரையில் இது இயலுமா?

கம்பவுண்டர் மிக்சர் கலந்து, புட்டியில் அளவுத்தாள் ஒட்டித் தந்த காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆலை மருந்துகள் பெருகியதும் கடைகள் அக்கலையைக் கைவிட்டன. சட்டம் அதைத் தடுக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டம், மருத்துவர் சீட்டின்படி மருந்து கலக்கும் வேலையைப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே உரியதாக்குகிறது.

கண்டவர்கள் கலப்பதும் தீர்வாகாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் பலர், 2025இல் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். தமிழக அரசின் சோதனையில் அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. மருந்தைச் சுமக்கும் நீர்மமும் சோதிக்கப்பட வேண்டும் என்பதே இதன் பாடம்.

உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான இன்றியமையா மருந்துகளின் பட்டியலை 2007இலேயே வெளியிட்டது. பட்டியல் புட்டியாகிச் சிறுசேரிக்கு வந்தால்தானே பயன்? கலந்து கொடுத்த மருத்துவமனையே அடுத்த புட்டிக்கும் வழி சொல்லாமல் குழந்தையை அனுப்புவது, பாதிச் சிகிச்சை செய்து அனுப்புவதாகும். புறநகர் அரசு மருத்துவமனைகளில் முறையான கலவைக்கூடம் அமைப்பது பெரும் செலவன்று.

அதுவரை, வீடு திரும்புமுன் நீங்கள் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி.? வேளைக்கு எத்தனை மி.லி.? எத்தனை நாள் கெடாது? அடுத்த புட்டி எங்கே கிடைக்கும்? நான்காவது கேள்விக்கு விடை கிடைக்கும்வரை சீட்டை மடித்து வைக்காதீர்கள்.