அறிவியல் வகுப்பில் யாருடைய சட்டம்?

உங்கள் வீட்டில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்று மாலை ஒரு சிறு விசாரணை நடத்திப் பாருங்கள். "உங்கள் அறிவியல் வகுப்பில் என்னென்ன கூடாது?" என்று கேளுங்கள். பதில் மடமடவென்று வரும். பேசக் கூடாது, இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது, டீச்சர் சொல்லாமல் எதையும் தொடக் கூடாது. அடுத்து, "இந்த மாதம் உன் கையால் எதை அளந்தாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும்.

மயிலாப்பூரில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு ஒரு முறை போயிருந்தேன். அறிவியல் அறையின் சுவரில் அழகான கையெழுத்தில் பத்து விதிகள் எழுதிய அட்டை ஒன்று தொங்கியது. எட்டு விதிகள் 'கூடாது' என்று முடிந்தன. அட்டைக்குக் கீழே ஒரு பீரோ, அதில் ஒரு பூட்டு. கண்ணாடி வழியே பார்த்தால், உள்ளே இருந்த முகவைகளில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. "எடுப்பதே இல்லையா?" என்று கேட்டேன். "உடைந்தால் நான்தானே சார் கணக்குச் சொல்ல வேண்டும்?" என்றார் ஆசிரியை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு முகவையை உடைத்த ஆசிரியரிடம் விளக்கம் கேட்கிறோம். ஆண்டு முழுவதும் ஒரு முகவையும் உடையாத வகுப்பில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அறிவியல் வகுப்புக்கு விதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மற்ற எந்த வகுப்பைவிடவும் அங்கேதான் விதிகள் அதிகம் வேண்டும். ஆனால் அந்த விதியை யார் போடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பொருள் போடும் சட்டம் ஒன்று, மணியும் மேசையும் போடும் சட்டம் இன்னொன்று. இரண்டையும் ஒரே அட்டையில் எழுதி மாட்டி விடுவதுதான் நம் பள்ளிகளின் கோளாறு.

பொருள் போடும் சட்டத்துக்கு ஓர் உதாரணம் பாருங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. ஏன்? அடர் கந்தக அமிலம் தண்ணீரைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு அடர்த்தியுள்ளது. அதன்மேல் ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் பெரும் வெப்பம் பிறக்கும். அந்தச் சிறிதளவு தண்ணீர் சட்டென்று கொதித்து அமிலத்தை முகத்தில் வாரி இறைக்கும். இதைக் காரணத்தோடு சொல்லிக் கொடுத்தால் அந்த விதியே அரை மணி நேர வேதியியல் பாடம். காரணத்தை விட்டுவிட்டு 'அமிலத்தைத் தொடாதே' என்று மட்டும் எழுதிப் போட்டால் அது வெறும் அதட்டல். அளவு ஜாடியில் தண்ணீரின் மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார் என்பதும் இதே வகைதான். ஆறாம் வகுப்புப் பாடநூல் இடமாறு தோற்றப் பிழை என்று பெயர் சொல்லிக் கற்பிக்கிறது. ஆனால் ஜாடிக்கு நேராகக் குனிய வேண்டுமானால் பிள்ளை பெஞ்சை விட்டு எழ வேண்டுமே! 'இடத்தை விட்டு எழாதே' என்ற மணியின் சட்டம் இங்கே பொருளின் சட்டத்தோடு மோதுகிறது. மோதினால் எது ஜெயிக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

பொருளே சட்டம் போடும் வகுப்பைச் சென்னை பார்க்காமல் இல்லை. 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்தில், ஓலைக் கொட்டகைகளில், ஏறத்தாழ 300 பேருக்கு ஆசிரியப் பயிற்சி தொடங்கினார். வந்தவரை உலகப்போர் 1946 வரை இந்தியாவில் நிறுத்தி வைத்தது. அவருடைய முறை பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்கானது, நடுநிலை வகுப்புக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அவர் விதி வகுத்த விதத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு சாதனமும் வகுப்பறையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு குழந்தை எடுத்துவிட்டால் அடுத்த குழந்தை காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், முடித்ததும் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். கண்டிப்பான விதிகள்தாம். ஆனால் ஒவ்வொன்றும் பொருளைத் தொடுவதற்கு வழி செய்யும் விதி.

பிற்காலத்தில் நம் அரசுப் பள்ளிகளும் வகுப்பின் சட்டத்தை மாற்றத் துணிந்தன. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைக் கொண்டு 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்தார்கள். கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. 2007-2008 கல்வியாண்டில் அது தமிழகம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குச் சென்றது. அதே காலத்தையொட்டி ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு வந்ததுதான் 'படைப்பாற்றல் கல்வி'. என் குறை இதன் பேரில்தான்.

இந்த முறை தெளிவான ஒரு வரிசையை வகுத்தது. ஆசிரியர் பாடத்தை அறிமுகம் செய்வார். மாணவர்கள் பாடப்பகுதியைத் தாமே படித்துப் புரியாத சொற்களுக்கு அடிக்கோடிடுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் பாடத்தை மன வரைபடமாக வரைவார்கள். குழுவாகக் கூடித் தொகுப்பார்கள், வகுப்பின் முன் எடுத்துச் சொல்வார்கள். அதன்பின் வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல். இந்த முறை நன்மையும் செய்தது; அதை மறைத்தால் நேர்மையாகாது. கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து நின்று பேசினார்கள். தமிழுக்கும் சமூக அறிவியலுக்கும் இது நல்ல ஒழுங்கு என்பேன்.

ஆனால் வரிசையை மறுபடி பாருங்கள். முதலில் படிப்பு, பிறகு படித்ததன் படம், பிறகு படத்தைப் பற்றிய பேச்சு. சோதனைக்கு அதில் இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும், முடிவைப் படித்து முடித்த பிள்ளைக்குக் காட்டும் சோதனை சோதனையாகுமா? விடையைப் பார்த்துவிட்டுப் போடும் கணக்கு மாதிரிதான்.

'நண்பகலில் நிழல் மிகக் குறுகும்' என்ற ஒரு வாக்கியத்தை எடுத்துக் கொள்ளுங்கள். படைப்பாற்றல் வகுப்பில் இது மன வரைபடத்தின் ஒரு கிளையாகும்: நடுவில் சூரியன், ஒரு கோடு, அதன் நுனியில் 'நண்பகல் – குறுகிய நிழல்'. குழு தொகுக்கும், ஒரு மாணவி அழகாகச் சொல்வாள், கைதட்டுவார்கள்.

அதே வகுப்பு பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் செங்குத்தாக நட்டிருந்தால் என்ன பார்த்திருக்கும்? டிசம்பர் 21-ஐ ஒட்டி, உச்சி வேளையில் நிழல் வடக்கே ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் நீளும். பள்ளி திறந்த ஜூன் மாதத்திலோ நிழல் வெறும் 18 சென்டிமீட்டர்; அதுவும் தெற்கே விழும்! சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படம் சொல்லும்? இன்னொன்று. நிழல் மிகக் குறுகும் நேரம் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அன்று. சென்னையில் பிப்ரவரி நடுவில் அது சுமார் 12.23, நவம்பர் தொடக்கத்தில் 11.52. நம் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்க ரேகைக்கு உரியது, சென்னை அதற்கு மேற்கே இருக்கிறது என்பது ஒரு காரணம். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது என்பது இன்னொன்று. 'நண்பகல்' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்ட பிள்ளைக்கு இந்தச் சங்கடம் ஒருநாளும் வராது. அந்தச் சங்கடத்தில்தானே அறிவியல் தொடங்குகிறது!

குச்சிச் சோதனைக்கு வேறொரு தடையும் உண்டு. அதற்கு 11.40 முதல் 12.40 வரை ஒரு மணி நேரம் வேண்டும். அது இரண்டு பாடவேளைகளின் மேல் குறுக்கே படுக்கிறது. சில பள்ளிகளில் உணவு மணியும் அதற்குள் அடித்துவிடும். சூரியனைத் தள்ளிவைக்க முடியாது. பாடவேளையைத் தள்ளிவைக்கத் தலைமையாசிரியர் ஒருவரின் கையெழுத்துப் போதும்.

பிறகு 2012-2013-இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண். செயலுக்கும் மதிப்பெண் என்பது நல்ல எண்ணம்தான். நடைமுறையில், செயல் என்பது பல வீடுகளில் சார்ட் அட்டையாகச் சுருங்கிவிட்டது. இரவு எட்டு மணிக்குத் தியாகராய நகரில் எழுதுபொருள் கடையில் நின்று, பதறிப் போய் 'இதயப் படம்' கேட்கும் அப்பாக்களைப் பார்த்திருப்பீர்கள். மதிப்பெண் அப்பாவுக்கா பிள்ளைக்கா என்பது இன்றுவரை எனக்குப் புரியாத கணக்கு.

"நாற்பது, நாற்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் வேறு என்னதான் செய்வது?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். நம்மைவிட வசதி குறைந்த இடத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் ஒரு திட்டத்தைத் தொடங்கின. 1978-இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-இல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று நடத்தியது. அங்கே வகுப்பின் விதிகள் இவை: நான்கு நான்கு பேராகச் சேர வேண்டும். சோதனையைத் தாமே செய்ய வேண்டும். கண்டதைத் தம் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். பிறகு எல்லாக் குழுக்களின் விடைகளையும் பலகையில் போட்டு ஏன் வேறுபடுகின்றன என்று விவாதிக்க வேண்டும். புத்தகத்தில் கேள்விகள் இருந்தன; விடைகள் இல்லை. தேர்வுக்குப் புத்தகத்தைக் கொண்டு போகலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. சாமான்களோ மலிவானவை, தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் இணைத்து வடிவங்கள் செய்யும் விளையாட்டை அரவிந்த் குப்தா உருவாக்கியது அங்கேதான்.

இந்தத் திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்திவிட்டது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டு நடந்த ஒன்றை ஓர் உத்தரவு முடித்து வைத்தது. ஆகவே இது எளிய வழி என்று யாருக்கும் ஆசை காட்ட மாட்டேன். கோடைதோறும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, மாதந்தோறும் கூட்டம் என்று அதற்கு உழைப்பு தேவைப்பட்டது. அந்த உழைப்பைக் கொடுக்காமல் சாமான் பெட்டியை மட்டும் பள்ளிக்கு அனுப்பினால் அதுவும் பீரோவுக்குள்தான் போய்ச் சேரும்.

ஒன்று மட்டும் உங்களால் இந்த ஆண்டே செய்ய முடியும். சென்னையில் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டிச் சூரியன் உச்சியில் சரியாகத் தலைக்கு மேல் வரும். செங்குத்தான குச்சிக்கு அந்த நிமிடம் நிழலே இராது. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் இப்படி ஒரு நாள் உண்டு. ஆனால் அது தேர்வு, விடுமுறைக் காலம். பெற்றோராகவோ ஆசிரியராகவோ இருந்தால், ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே உங்கள் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். 18-ஆம் தேதி 11.50-லிருந்து 12.35 வரை ஏழாம் வகுப்பை முற்றத்துக்கு அனுப்பக் கேளுங்கள். நான்கு பேருக்கு ஒரு குச்சி, ஒரு அளவுகோல், ஒரு கடிகாரம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்ற ஒரே ஒரு 'கூடாது'. நிழல் மறையும் நிமிடம் 12.13 என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகள் சொல்லட்டும். மேகம் மறைத்துவிட்டால் மறுநாளும் போகலாம், நிழல் ஒரு விரல் அகலம்கூட வளர்ந்திருக்காது.