பதினேழாவது மட்டை

விமர்சனம் என்றால் கவிதை, கதை, நாவல் என்றுதான் நமக்குப் பழக்கம். நான் இங்கே எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வரி நிரல். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஓர் எண்ணை 2654435769ஆல் பெருக்கு, 32 பிட்டுக்கு மேல் வழிவதை விட்டுவிடு, மிஞ்சியதை 28 இடம் வலப்பக்கம் நகர்த்து. கடைசியில் 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண் கையில் நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த வரியைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு சொல் விளக்கம் இல்லை. மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். "அது அப்படித்தான், தொடாதே" என்றார்.

அந்தப் பதிலை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை. (எங்கள் வீட்டில் அந்த ஊர் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) உரம் எவ்வளவு போடவேண்டும் என்று கணிக்க, மரத்தின் பதினேழாவது மட்டையிலிருந்து இலை வெட்டி ஆய்வுக்கு அனுப்புவார்கள். அப்பா பதினேழு வரை எண்ணியதே இல்லை. முழுதாக விரிந்த இளமட்டையை ஒன்று என்று வைப்பார். அதற்குக் கீழே அதே வரிசையில் நிற்பது ஒன்பது, அதற்கும் கீழே பதினேழு. "எட்டெட்டா எறங்குமா, தப்பாது." ஏன் எட்டு என்று கேட்டால், "கிராணி அப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு."

இரண்டும் ஒரே கணக்கு என்று தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. இரண்டின் அடியிலும் இருப்பது பொன் விகிதம். 2 இன் 32ஆம் அடுக்கை அந்த விகிதத்தால் (ஏறக்குறைய 1.618) வகுத்துப் பின்னத்தை விட்டால் 2654435769 வரும். சிறிய பின்னம் எதற்கும் எளிதில் பிடிகொடுக்காத விகிதம் அது. அதனால்தான் 1, 2, 3, 4, 5 என்று அடுத்தடுத்த எண்களைக் கொடுத்தாலும் 9, 3, 13, 7, 1 என்று விலகி விலகிப் போய் உட்காருகின்றன. ஒன்றின் இடத்தில் இன்னொன்று முட்டுவதில்லை. 1973இல் வெளிவந்த தன் நூலின் மூன்றாம் தொகுதியிலேயே டொனால்ட் நூத் இந்த முறையை விளக்கிவிட்டார்.

செம்பனைக்கு வேண்டியதும் இந்த விலகல்தான். ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் நடுவே ஏறக்குறைய 137.5 பாகைத் திருப்பம். எட்டு மட்டை இறங்கினால் 1100 பாகை. மூன்று முழுச் சுற்று 1080. மிச்சம் வெறும் 20. ஆகவே ஒன்பதாவது மட்டை கிட்டத்தட்ட முதல் மட்டைக்கு நேர் கீழே வந்து நிற்கிறது. அப்பாவின் 'எட்டெட்டா'வுக்குக் காரணம் இதுதான்.

இப்போது விமர்சனத்துக்கு வருகிறேன். நிரல் உலகில் இதைவிடப் புகழ்பெற்ற மந்திர எண் ஒன்று உண்டு: 1597463007. குவேக் 3 என்ற 1999ஆம் ஆண்டு விளையாட்டில், வர்க்கமூலத்தின் தலைகீழை வேகமாகக் கணிக்க உதவியது. தசம எண்ணின் பிட்டுகளை முழு எண்ணாகப் படித்து, ஓர் இடம் நகர்த்தி, அந்த மாறிலியிலிருந்து கழிப்பார்கள். பிறகு நியூட்டன் முறையில் ஒரு திருத்தம். பிழை 0.2 விழுக்காட்டைக்கூட எட்டாது. அபாரமான வரி, மறுக்கவில்லை. ஆனால் அது கொண்டாடப்பட்டது பெரும்பாலும் புரியாமைக்காக. எழுதியவர் ஜான் கார்மாக் என்று எல்லாரும் நம்பினார்கள். அவரோ, நான் இல்லை என்றார். தேடிப் போனவர்கள் கடைசியில் கிரெக் வால்ஷ் வரை போனார்கள்.

நம் இலக்கிய உரையாடல்களிலும் இந்த நோய் உண்டு. புரியாத வரியை ஆழம் என்கிறோம். ஆசிரியர் என்று கண்ணுக்குத் தெரிந்த பெரிய பெயரை ஒட்டிவிடுகிறோம். எங்கள் வட்டாரத்தையே பாருங்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் இங்கே, தென்னமரம் தோட்டத்தில் நடந்தது. பெயரில் தென்னை, வரலாற்றில் செம்பனை! நட்ட துரை ஹென்றி ஃபோகோனியே. அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றது. தோட்டத்தை நட்டவருக்கு நூலும் இருக்கிறது, பரிசும் இருக்கிறது. மட்டை எண்ணியவர்களுக்கு 'அப்படித்தான்' மட்டும்.

காரணம் வெட்டப்பட்ட அறிவைத்தான் தந்திரம் என்கிறோம். அதன் காரணத்தைத் திரும்பக் கொண்டுவந்து, அதைத் தினமும் கையாளுகிறவரிடமே கொடுப்பதுதான் விமர்சனத்தின் வேலை என்று நினைக்கிறேன். பிரமித்து நிற்பதற்கு விமர்சகர் வேண்டியதில்லை.

அந்தத் துணிச்சலில் போன மாதம் அப்பாவிடம் 20 பாகைக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அதான் வரிசை நேரா எறங்காம சாஞ்சு எறங்குது" என்றார். பிறகு, "ஆனா எல்லா மரமும் ஒரே பக்கம் சாயாதுமா. சிலது எடப்பக்கம், சிலது வலப்பக்கம். அதுக்கு ஒன் கணக்குல எடம் இருக்கா?"

நான் அதை யோசித்ததே இல்லை. இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 2654435769இன் பிட்டுகளையெல்லாம் புரட்டி ஒன்றைக் கூட்டினால் 1640531527. அதே 137.5 பாகை, எதிர்த் திசையில். ஜாவா மொழியின் மூல நிரலில் இந்த எண் இருப்பதை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், அது மற்றப் பக்கம் சாயும் மரம் என்று தெரியாமலே.

காலையில் சொன்னேன். "இருக்குப்பா."

"இருக்கும்" என்றார்.