நீலச் செவ்வாயின் வரைபடம்

மிலான் நகர வானாய்வகத்திலிருந்து 1877-இல் செவ்வாயை நோக்கிய ஜியோவான்னி ஸ்கியாபரெல்லி, கருமையாகத் தெரிந்ததைக் கடல் என்றும் வெளிறித் தெரிந்ததை நிலம் என்றும் குறித்துப் பெயரிட்டார். அவர் கடலென்று வரைந்த சிரேனும், சிம்மேரியம், எரித்ரேயம் ஆகியவை தெற்கு மேட்டுநிலங்கள் என்று இன்று தெரியும். நிலமென்று வரைந்த ஹெல்லாஸோ அந்தக் கிரகத்திலேயே மிக ஆழமான படுகை. செவ்வாயில் ஒருநாள் தண்ணீர் தேங்குமானால், அவருடைய படத்தைப் பெரும்பாலும் தலைகீழாக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தத் திருத்தத்தைச் செய்து தந்தது மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தின் லேசர் உயரமானி. 2001 வரை அது 60 கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகளை அனுப்பித் தரையின் உயரத்தை அளந்தது. வடக்குத் தாழ்நிலம் தெற்கு மேட்டுநிலத்தைவிடச் சராசரியாக 5 கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. உயரம் சுழி என்று கொள்ளும் சுழிமட்டத்துக்கு 8 கிலோமீட்டர் கீழே ஹெல்லாஸின் தரை. ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலையின் உச்சி 21 கிலோமீட்டர் மேலே. பூமியைப்போல மாற்றப்பட்ட செவ்வாயைக் கற்பனை செய்து வரைபவர்கள் எல்லோரும் இந்த உயரத் தரவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஏதாவது ஒரு மட்டத்தைத் தேர்ந்து, அதற்குக் கீழ் உள்ளதற்கு நீலம் பூசுகிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கடல் இல்லாத கிரகத்தில் கடல்மட்டம் எது? முதலில் அதைக் காற்றைக் கொண்டே வரையறுத்தார்கள். வளியழுத்தம் 6.1 மில்லிபாராக இருக்கும் உயரமே சுழி. நீர், பனிக்கட்டி, நீராவி மூன்றும் சேர்ந்திருக்கக்கூடிய அழுத்தம் அது. பிறகு ஈர்ப்பு விசையையும் நிலநடுக்கோட்டு ஆரத்தையும் வைத்துச் சுழிமட்டம் மாற்றி வகுக்கப்பட்டது. எப்படி வகுத்தாலும் அது அளவைக்கான கோடு மட்டுமே, கரையல்ல. கரை எங்கே அமையும் என்பதைத் தண்ணீரின் அளவுதான் தீர்மானிக்கும்.

அந்தக் கணக்கு கடுமையானது. டிமோத்தி பார்க்கரும் அவருடைய சகாக்களும் 1989-இல் வட சமவெளியின் விளிம்பில் பழைய கரைகளாக இருக்கலாம் என்று சில எல்லைகளைக் காட்டினார்கள். அவற்றுள் உட்புற எல்லை சராசரியாகச் சுழிமட்டத்துக்கு மூன்றே முக்கால் கிலோமீட்டர் கீழே ஓடுகிறது. அதுவரை நிரப்பவே, கிரகம் முழுவதும் பரப்பினால் சுமார் 100 மீட்டர் ஆழம் வரக்கூடிய நீர் வேண்டும். துருவங்களிலும் மற்ற இடங்களிலும் அறியப்பட்ட பனியையெல்லாம் உருக்கினாலும் இதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். இன்சைட் கலத்தின் நிலநடுக்கத் தரவை ஆராய்ந்து 2024-இல் வெளியான கட்டுரை, 11.5 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை இடுக்குகளில் ஏராளமான திரவ நீர் இருக்கலாம் என்கிறது. இருந்தாலும் அவ்வளவு ஆழத்திலிருந்து எடுப்பது எளிதல்ல. ஆகவே வட அரைக்கோளம் முழுவதையும் நீலமாக்கும் படங்கள் அழகானவை. தண்ணீர்க் கணக்கு இல்லாதவை.

காற்று வந்தால் வரைபடம் இன்னொரு முறை மாறும். இப்போது செவ்வாயின் காற்று மிக மெல்லியது; மலையுச்சியும் சமவெளியும் வெப்பத்தில் பெரிதும் வேறுபடுவதில்லை. அழுத்தம் பூமியின் அளவை நெருங்கும்போது, பூமியில்போல உயரம் கூடக் கூடக் குளிரும். ராபின் வேர்ட்ஸ்வொர்த் குழுவினர் பண்டைய செவ்வாய்க்காகச் செய்த கணினி மாதிரிகளின் முடிவு இதுதான்: தடித்த காற்று இருந்தால் பனி தெற்கு மேட்டுநிலங்களில் போய்க் குவிகிறது. அப்படியானால் வடகடலிலிருந்து ஆவியாகும் நீர் தெற்கே பனியாக விழுந்து அங்கேயே உறையும். கடல் மெல்ல மெல்லச் சுருங்கும். 2022-இல் ஃபிரெடெரிக் ஷ்மிட் குழு வெளியிட்ட ஆய்வு இதற்கு மறுபக்கத்தைக் காட்டியது. மேட்டுப்பனி பனியாறுகளாக வழிந்து கடலுக்கே திரும்புமானால், கிரகத்தின் சராசரி வெப்பம் உறைநிலைக்குக் கீழிருந்தாலும் வடகடல் நிலைத்திருக்க முடியும். துருவக் கடலும் அதற்கு நீரூட்டும் பனியாறுகளும் சேர்ந்த அந்தச் செவ்வாய், பச்சைப் புல்வெளிச் சித்திரங்களைவிட நம்பத் தகுந்தது.

ஈர்ப்பு பூமியில் உள்ளதில் 38 சதவீதமே என்பதால், பூமியின் காற்றே அங்கே நிரம்பினாலும் உயரத்தோடு மெதுவாகவே மெலியும். சுழிமட்டத்தில் பூமியின் கடல்மட்ட அழுத்தம் இருந்தால், ஒலிம்பஸ் மான்ஸின் உச்சியில் ஏறக்குறைய எவரெஸ்ட் உச்சியின் அழுத்தம் இருக்கும். பருவங்களும் சமமாக இரா. நீள்வட்டச் சுற்றுப்பாதையால், சூரியனை நெருங்கும்போது கிடைக்கும் ஒளி விலகியிருக்கும்போது கிடைப்பதைவிட சுமார் 45 சதவீதம் அதிகம். அந்த நெருக்கத்தில் வரும் தெற்கின் கோடை குறுகியது, கடுமையானது. அந்த மேட்டுப்பனி எப்போது உருகும் என்பதை இதுவே முடிவு செய்யும்.

சூடாக்கும் வழியும் படத்தை மாற்றுகிறது. புரூஸ் ஜகோஸ்கியும் கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸும் 2018-இல் கையிருப்பைக் கணக்கிட்டு, எளிதில் எடுக்கக்கூடிய கரியமில வாயு போதாது என்று காட்டினார்கள். 2024-இல் சமானே அன்சாரி, எட்வின் கைட் ஆகியோரின் குழு வேறு வழியைச் சொன்னது. செவ்வாயின் இரும்பிலிருந்தோ அலுமினியத்திலிருந்தோ செய்த 9 மைக்ரோமீட்டர் நீளக் குச்சிகளைக் காற்றில் தொடர்ந்து தூவினால், வெப்பம் 30 டிகிரிக்கு மேல் உயரலாம். அந்த வழியில் காற்று மெல்லியதாகவே இருக்கும். அப்போது மேட்டுப்பனிக் கதையும் அப்படியே பொருந்தாது. ஆழமான தாழ்நிலங்களே திரவ நீருக்கு உகந்தவையாகும்.

புழுதியையும் ஒதுக்க முடியாது. 2018-இல் கிரகம் முழுவதையும் மூடிய புயல் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியை நிரந்தரமாக அமைதியாக்கியது. முழுக் கோளத்தையும் ஒரே படத்தில் பிடித்த மங்கள்யானின் வண்ணக் கேமரா விட்டுச்சென்ற பதிவுகளும், 2021 முதல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஹோப் கலம் எடுத்த பதிவுகளும், இன்றைய செவ்வாயின் வானிலைக்குச் சான்று தருகின்றன. நாளைய வரைபடம் இந்தப் பதிவுகளின் மேல்தான் நிற்க முடியும்.

இனி ஒரு நீலச் செவ்வாய்ப் படம் கண்ணில் பட்டால், வாசகர்கள் அதன் கடல்மட்டத்தை மட்டும் பார்க்க வேண்டாம். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அழுத்தம், எங்கே பனி விழும் என்ற மூன்றுக்கும் அந்தப் படம் விடை சொல்கிறதா என்று கேளுங்கள்.